சுவருக்கு ஓர் எழுத்து

மூலம்

அடியொலி குறித்த எழுத்தே சுவர்வலி;
எழுத்திலாச் சுவரெலாம் கற்காரை எனப்படும்;
எண்ணொடு பிறக்கும் குண்டுகள் எல்லாம்;
தாவலின் தடித்த சுவர்கடந் தேகா;
கடந்தபின் எஞ்சுவ பாதியும் பிறவும்;
உடலிடைப் போயின் நாற்பத் திரண்டே.

உரை

ஆறு அடியையும் கட்டியது நான்தான். ஓலைச்சுவடியில் தேட வேண்டாம். யாப்பில் இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசப்படுவது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி ஆட்டம். அதிலும் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவனைச் சுவரோடு சேர்த்துச் சுடும் வித்தை. ஆட்டக்காரர்கள் அதை வால்பேங் என்பார்கள். 2003 செப்டம்பரில் அந்தப் பதிப்பு வந்த பிறகு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் பள்ளி விட்டதும் பையன்கள் சிசியில், அதாவது சைபர் கஃபேயில், போய் உட்கார்ந்தது இந்த ஆட்டத்துக்காகத்தான். அன்றைக்கு மணிக்கு ஒன்றிரண்டு வெள்ளி கொடுத்தால் ஒரு கணினியும் ஹெட்போனும் கிடைத்தன. பின்னால் நின்று புத்தி சொல்ல நாலு பேர் இலவசம். "பெட்டிக்குப் பின்னால நிக்கிறான், ஏகேல அடி." "இரும்புடா, போகாது." சட்டம் முழுவதும் இப்படி வாய்வழியாகத்தான் வந்தது. ஆட்டத்தை விற்றவர்கள் விளையாடுபவன் கையில் இதை எழுதிக் கொடுக்கவில்லை.

பிற்பாடு ஆர்வலர்கள் சிலர் ஆட்டத்தின் நிரலைப் பிரித்துப் படித்து, யாரும் பார்க்கும்படி மறுபடி எழுதி வைத்தார்கள். வாய்ச்சொல்லில் எது மெய், எது கதை என்று தெரிந்தது அதற்குப் பிறகே. கீழே வரும் எண்களெல்லாம் அந்த நிரலில் உள்ளவை. அவற்றை அடுக்கிக் காட்டினால் பட்டியலாகிவிடும் என்பதால்தான் அடிகளாகக் கட்டினேன்.

1. அடியொலி குறித்த எழுத்தே சுவர்வலி

காலடி ஓசைக்கென்று குறித்துவைத்த எழுத்து எதுவோ, அதுவே சுவரின் வலிமை என்பது பொருள்.

மற்ற ஐந்து அடியும் இதன் வால்கள்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கவுண்டர் ஸ்ட்ரைக் தனியாகப் பிறந்த ஆட்டம் அல்ல. 1998இல் வந்த, வால்வ் நிறுவனம் உருவாக்கிய ஹாஃப் லைஃப் ஆட்டத்தின் மேல், மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் ஒட்டுப்போட்டு வளர்த்தது. ஹாஃப் லைஃபில் ஒலிக்கோப்புகள் இருக்கும் உறையில் மெட்டீரியல்ஸ் என்று ஓர் எழுத்துக்கோப்பு கிடக்கும். திறந்தால் வரிக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு படத்தின் பெயர். படம் என்பது சுவரிலும் தரையிலும் ஒட்டப்படும் டெக்ஸ்சர். உலோகத்துக்கு எம், மரத்துக்கு டபிள்யூ, கம்பி வலைக்கு ஜி, காற்றுக்குழாய்க்கு வி என்று போகும். எதற்காக? பூட்ஸ் கால் இரும்பில் பட்டால் ஒரு சத்தம், மண்ணில் பட்டால் ஒரு சத்தம் கேட்க வேண்டும், அதற்காக. குண்டு சுவரில் பட்டால் எழும் ஓசைக்கும் அதே எழுத்துதான்.

சுவரைக் குண்டு துளைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது, சுவர் எதனால் ஆனது என்று ஆட்டத்துக்குத் தெரிந்த ஒரே இடம் இந்தக் கோப்பு. அதையே எடுத்துக்கொண்டார்கள். எடை, அடர்த்தி, கடினம் எதுவும் அந்தச் சுவருக்குக் கிடையாது. மேலே ஒட்டிய படத்தின் பெயருக்கு எதிரே என்ன எழுத்து இருக்கிறதோ அதுதான் அதன் உடம்பு. பாதாளக் கோட்டைக்கு மரப்பலகைப் படத்தை ஒட்டினால் அது மரக்கோட்டை. காகிதத் தடுப்புக்கு இரும்புப் படத்தை ஒட்டினால் அது இரும்புத் தடுப்பு. கொத்தனாரைவிடச் சாயம் பூசுகிறவர் கைதான் ஓங்கிய கை.

இது பைத்தியக்கார ஏற்பாடு என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தவர்களைக் கேட்டால், பக்கத்து வீட்டு இருமலைக் கொண்டே நடுவில் உள்ள பலகையின் கனத்தைச் சொல்லிவிடுவார்கள். சத்தம் எவ்வளவு தாண்டுகிறது என்பதும் சுவர் எவ்வளவு தாங்கும் என்பதும் அவ்வளவு தூரத்து உறவு இல்லை. ஆட்டக்காரனுக்கும் இதனால் லாபம். சுவரைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஒரு குண்டைச் சுட்டுக் காதைக் கொடுத்தால் போதும். டங் என்றால் உலோகம், தோட்டாவை வீணாக்காதே. கட்டையில் இறங்கும் சத்தம் என்றால் இன்னும் நாலு போடு. சிசியில் ஹெட்போன் கிழிந்த கணினியை யாரும் தொடாததற்குக் காலடிச் சத்தம் மட்டும் காரணம் அல்ல.

2. எழுத்திலாச் சுவரெலாம் கற்காரை எனப்படும்

கோப்பில் பெயர் இல்லாத படங்களெல்லாம் கான்கிரீட் என்றே கொள்ளப்படும்.

நிரலில் இது ஒற்றை வரி. தேடு, கிடைக்காவிட்டால் கான்கிரீட் என்று வைத்துக்கொள், அவ்வளவே. ஆனால் ஆட்டத்தில் நாம் பார்க்கும் சுவர்களில் பெரும்பகுதி இந்த வரியில்தான் அடங்கும். பட்டியல் எழுதியவர் மறந்துவிட்ட எதுவும் கான்கிரீட். குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் கல் மலையை யாராவது வரைபடமாகச் செய்து, பாறைக்குப் புதுப் படம் ஒட்டி, கோப்பில் எழுதாமல் விட்டால் அந்த மலையும் கான்கிரீட்தான். உண்மையில் அந்த மலையின் வயிறு வெற்றிடம். கெக் லோக் தோங் குகைக்கோயிலுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தோட்டத்தில் இறங்கிவிடலாம். ஆட்டத்துக்கு அந்த வெற்றிடம் தெரிய வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து குடைந்து தர வேண்டும்.

'அஃதேல், மண்ணுக்கு எழுத்து உண்டே, அது எங்கே போயிற்று?' எனின், அங்கேதான் வேடிக்கை. கோப்பில் மண்ணுக்கு எழுத்து இருக்கிறது. ஆனால் குண்டைக் கணக்கிடும் பகுதியில் மண் என்ற பேச்சே இல்லை. உலோகம், கான்கிரீட், வலை, காற்றுக்குழாய், ஓடு, கணினி, மரம் ஆகியவற்றுக்குத்தான் தனிக் கணக்கு உண்டு. மண் என்று முறையாக எழுதப்பட்ட சுவருக்குள் குண்டு தன் முழு வலுவோடு இறங்கும். கான்கிரீட்டில் கால் பங்கு வலுதான் மிஞ்சும்; மண்ணில் முழுசும். பட்டியலில் இடம்பெறாத மண் கான்கிரீட் ஆகித் தப்பிக்கும். பெயர் பதிந்த மண் மாட்டிக்கொள்ளும்.

உலக நடப்பு இதற்கு நேர்மாறு. மணலைப் போலக் குண்டைத் தின்னும் பொருள் குறைவு. பேராக்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கரும் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு மலாயாவில் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் துரைமார் பங்களாக்களைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள், முள்கம்பி இழுத்தார்கள், காரின் பக்கங்களில் இரும்புத் தகடு அடித்தார்கள். மணல், இரும்பு என்று பொருளை அறிந்துதான் தேர்ந்தார்கள். பால் மரம் வெட்டுகிறவனின் லயம் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தபடியே இருந்தது. நம் சூத்திரத்தின்படி பார்த்தால் துரையின் மணல் மூட்டையை ஏகே துப்பாக்கியின் குண்டு கிழித்துக்கொண்டு போகும். லயத்துப் பலகையும் போகும். அந்த ஒரு விஷயத்தில் ஆட்டம் தோட்டத்தைவிடச் சமத்துவமானது.

3. எண்ணொடு பிறக்கும் குண்டுகள் எல்லாம்

ஒவ்வொரு குண்டும் சுடும் கணத்திலேயே சில எண்களோடு பிறக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த ஆட்டத்தில் குண்டு பறப்பதில்லை. விசையை அழுத்தியதும் துப்பாக்கி முனையிலிருந்து ஒரு கோடு இழுக்கப்படும், அந்தக் கோட்டில் முதலில் எது இருக்கிறது என்று பார்க்கப்படும். நிஜ ஏகே குண்டு வினாடிக்குச் சுமார் 700 மீட்டர் ஓடும். இங்கே ஓட்டமே இல்லை, கணக்கு மட்டுந்தான்.

ஏகேயின் எண்கள் இவை: மோதக்கூடிய பொருள் 2, துளைவலு 39, துளைக்கும் தூர எல்லை 5000 அலகு, சேதம் 36. எம்4க்கு 2, 35, 4000, 32. டீகல் கைத்துப்பாக்கிக்கு 2, 30, 1000, 54. ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு 3, 45, 8000, 115. அலகு என்பது ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் ஆள் நின்றால் 72 அலகு உயரம். க்ளாக், யுஎஸ்பி, எம்பி5, பி90 ஆகிய துப்பாக்கிகளின் முதல் எண் 1.

முதல் எண்ணைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். 2 என்றால் இரண்டு சுவரைத் தாண்டும் என்று சிசியில் சத்தியம் செய்தவர்கள் உண்டு. நிரலைப் பார்த்தால் கோடு எதில் பட்டாலும் அந்த எண்ணில் ஒன்று கழிகிறது, சுவரானாலும் ஆளானாலும். ஆக, ஏகே ஒரு சுவரைத் தாண்டும், பின்னால் இருப்பதில் பட்டு முடியும். 1 என்றால் தாண்டுதலே இல்லை. எம்பி5ஐ வைத்துக்கொண்டு கதவைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்த பையன்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. கைத்துப்பாக்கிகளில் டீகல் மட்டும் சுவரைத் தாண்டும் என்ற வாய்ச்சொல்லோ மேற்கண்டவற்றோடு ஒத்துப்போகிறது.

தமிழில் துளைப்புக் கணக்கு என்றால் வல்வில் ஓரியை விட்டுவிட்டுப் போக முடியாது. புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் வேட்டையில் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஐந்து மோதல். ஆட்டத்தின் மிகப் பெரிய துப்பாக்கியின் எண் 3. கொல்லிமலையில் ஏடபிள்யூபியோடு நின்றிருந்தால் மானோடு கதை முடிந்திருக்கும். பன்றியும் உடும்பும் பிழைத்திருக்கும். மராமரம் ஏழையும் ஓர் அம்பில் துளைத்த இராமனைப் பற்றிப் பேசவே வேண்டாம், நிரல் எழுதியவர் அப்படி ஓர் எண்ணைக் கேட்டாலே சிரிப்பார்.

தூர எல்லையும் பார்க்கத்தக்கது. டீகலின் 1000 அலகு ஏறக்குறைய 25 மீட்டர். அதற்கு மேல் உள்ள கதவை அது துளைக்காது. ஏகேக்கும் ஏடபிள்யூபிக்கும் எல்லை பெரியது. வழக்கமான வரைபடங்களில் அந்த எல்லை குறுக்கே நிற்பது அபூர்வம்.

4. தாவலின் தடித்த சுவர்கடந் தேகா

தாவும் தூரத்தைவிடக் கனமான சுவரைக் குண்டு கடக்காது.

தாவல் என்று சொன்னது வேண்டுமென்றே. குண்டு சுவருக்குள் துளையிட்டு நகர்வதாக ஆட்டம் நினைக்கவில்லை. மோதிய இடத்திலிருந்து, சுட்ட திசையிலேயே, துளைவலு எத்தனை அலகோ அத்தனை அலகு முன்னால் புதிதாக ஒரு தொடக்கப் புள்ளியை வைக்கிறது. அங்கிருந்து மறுபடி கோடு இழுக்கிறது. அந்தப் புள்ளி சுவருக்கு அப்பால் விழுந்தால் குண்டு மறுபக்கம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஏகேயை எடுத்துக்கொள்வோம். மரத்தில் துளைவலு கழிவதில்லை, 39 அலகும் தாவும். கான்கிரீட்டில் 0.25ஆல் பெருக்கினால் 9.75, தசமத்தை வெட்டி 9. உலோகத்தில் 0.15ஆல் பெருக்கி 5. முக்கால் அங்குலப் பலகைக்கும் முப்பது அங்குல மரத்துண்டுக்கும் இந்தக் கணக்கில் பேதமே இல்லை. இரண்டும் 39க்குள் அடங்குகின்றன, இரண்டிலும் சேதக் கழிவு ஒன்றே. டஸ்ட் 2 வரைபடத்தின் நடுவில் உள்ள இரட்டை மரக்கதவின் வழியாக எதிரியைக் காணாமலே சுட்டுத் தள்ளியவர்களின் வெற்றி ரகசியம் இது. பெரிய மரப்பெட்டியை நடுவில் சுடாதே, மூலையைச் சாய்த்துச் சுடு என்ற அறிவுரைக்கும் காரணம் இதுவே. மூலையில் கோடு பெட்டிக்குள் ஓடும் தூரம் குறைவு. அதேபோல ஒல்லிச் சுவரைச் சரிவாகச் சுட்டால் அது கனத்த சுவராகிவிடும். இதை வடிவியல் பாடத்தில் படித்த பையனுக்கும் சிசியில் கற்ற பையனுக்கும் விடை ஒன்றுதான், இரண்டாமவனுக்குச் சீக்கிரம் கிடைத்தது.

கழிந்த வலு திரும்புவதும் இல்லை. ஏடபிள்யூபியின் 45 முதல் கான்கிரீட் சுவரில் 11 ஆகிறது. இரண்டாவது கான்கிரீட்டில் அந்த 11இல் கால் பங்கு, 2. சிசி பெரியவர்கள் இதைத் தெரியாமலே "ரெண்டாவது சுவர்ல ஒண்ணும் வேலைக்காகாது" என்றார்கள்; சரியாகத்தான் சொன்னார்கள்.

நிஜக் குண்டு சுவருக்குள் புகுந்தால் தலைகீழாகப் புரளும், வழி மாறும், உறை கிழிந்து சிதறும். இங்கே நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். 2012இல் வந்த குளோபல் ஒஃபென்ஸிவ் பதிப்பு தாவாமல், சுவருக்குள் சிறு சிறு அடியாக வைத்து வெளிவரும் இடத்தைத் தேடி, உண்மையான கனத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பொருளறிவு அதில் கூடுதல். ஆனால் 1.6இன் சட்டத்தை ஒரு பதின்மூன்று வயதுப் பையன் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆட்டத்துக்கு அது பெரிய குணம் என்பது என் கட்சி.

5. கடந்தபின் எஞ்சுவ பாதியும் பிறவும்

சுவரைக் கடந்த குண்டில் மிஞ்சும் சேதம் பொதுவாகப் பாதி, சிலவற்றில் வேறு.

மரத்தில் 0.6, கம்பி வலையில் 0.4, காற்றுக்குழாயில் 0.45, உலோகத்தில் 0.2. நிரல் தனியாகச் சொல்லாத இடமெல்லாம் 0.5. ஏகேயின் 36 மரத்துக்குப் பின்னால் 21, கான்கிரீட்டுக்குப் பின்னால் 18, இரும்புக்குப் பின்னால் 7. ஆளின் உயிர் 100. தலையில் பட்டால் நான்கு மடங்கு. தொப்பி போடாதவன் மரக்கதவுக்குப் பின் தலையில் ஒன்று வாங்கினால் 84. சாகமாட்டான், ஆனால் அடுத்ததற்குக் காத்திருக்க மாட்டான். ஏடபிள்யூபியின் 115 மரத்தைத் தாண்டி 69. பக்கத்தில் நின்று சுட்டதாக வைத்த கணக்கு இது. தூரம் கூடினால் தனியே தேயும், ஏகேக்கு 500 அலகுக்கு ஒரு தரம் 0.98ஆல் பெருக்க வேண்டும். சுவரைத் தாண்டியபின் மிச்சம் உள்ள ஓட்டமும் பாதியாகிறது.

6. உடலிடைப் போயின் நாற்பத் திரண்டே

ஆள் உடம்பின் ஊடே போனால் துளைவலு 42 என்று புதிதாக நிர்ணயிக்கப்படும்.

இது எந்தத் துப்பாக்கியானாலும் 42. ஏகேயின் வலு 39 என்று பார்த்தோம். ஒருவனைத் துளைத்த பிறகு அதே குண்டு 42 ஆகி, சுட்டபோது இருந்ததைவிட வலுத்துவிடுகிறது. டீகலின் 30ம் 42. ஏடபிள்யூபிக்கு மட்டும் 3 குறைகிறது. இது தத்துவம் அல்ல, சோம்பல். ஆளின் அகலம் 32 அலகு. புதுப் புள்ளி அந்த உடம்புக்கு வெளியே விழ வேண்டும், அதற்குத் தாராளமாக ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். சேதத்தில் முக்கால் மிஞ்சும். ஏகே என்றால் 36இலிருந்து 27. வாசலில் ஒருவன் பின் ஒருவனாக நுழைகிறவர்களை ஒரே குண்டில் சேர்த்து அடிக்க முடிவது இதனால்தான். ஓரி இதைக் கேட்டால் யானையைத் துளைத்த அம்பு புலியிடம் அதைவிட வேகமாகவா போனது என்று புருவம் உயர்த்துவான்.

சூத்திரத்தில் விடுபட்டது ஒன்று உண்டு, கேடயம். 1.6 பதிப்போடு வந்தது, போலீஸ் தரப்புக்கு மட்டும் கிடைக்கும். கோடு கேடயத்தில் பட்டால் நிரல் எழுத்தையும் எண்ணையும் பார்ப்பதில்லை. இரும்பில் தெறிக்கும் ஓசையை எழுப்பிவிட்டுக் கணக்கை அங்கேயே நிறுத்திவிடுகிறது. எந்தச் சுவரும் பெறாத சலுகை. பரிசு வைத்து நடந்த போட்டிகளில் பெரும்பாலும் அதைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் அதற்கு ஏழாம் அடி கட்டவில்லை.